மேப்புக்கு முழு மார்க்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வுக்கு முந்தைய நாள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் நம் வாயிலிருந்து ஒரே வசனம்தான் வரும்: “மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும், மேப்பை மட்டும் விட்றாதீங்கடா.” கடற்கரைக்கு நீலப் பென்சில், மலைக்குப் பழுப்பு, கரிசல் மண்ணுக்குச் சாய்கோடு என்று சொல்லிச் சொல்லி, பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிற அளவுக்குப் பிள்ளைகளின் கை பழகிவிடும். விடைத்தாள் திருத்தும் முகாமிலும் மேப் என்றால் நம் பேனா இளகிவிடும். இந்தியப் படத்தில் அரை அங்குலம் தள்ளிப் புள்ளி வைத்த பிள்ளைக்கும் மார்க் உண்டு. அந்தத் தாளில் அரை அங்குலம் என்பது நிலத்தில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்னைக்கு வைத்த புள்ளி வேலூரைத் தாண்டிப் போயிருக்கும். எழுதிய பிள்ளையும் அதற்காகக் கவலைப்படவில்லை, திருத்திய நாமும் கவலைப்படவில்லை.

இப்படி முழு மார்க் வாங்கிய பிள்ளையின் கையில் பள்ளி வளாகத்தின் படம் ஒன்றைக் கொடுத்து, “நீ இப்ப எங்க நிக்கிற, விரலை வை பார்ப்போம்” என்று நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் விழித்திருப்பார்கள். நம்மில் பலரும் விழித்திருப்போம். கேட்காமல் விட்டதற்கான காரணங்களைத்தான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. நாம் என்றால் சமூக அறிவியல் ஆசிரியர்கள், பி.டி. சார்கள், தலைமையாசிரியர்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பெற்றோராக மாறிவிடும் நாமே.

ஓரியன்டியரிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. படத்தில் ஊதா நிறத்தில் ஒரு முக்கோணம் போட்டிருக்கும், அது புறப்படும் இடம். அங்கிருந்து எண்ணிட்ட வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவில் எந்த இடம் இருக்கிறதோ, அந்த இடத்தில் நிஜமாகவே வெள்ளையும் ஆரஞ்சுமான சின்னக் கொடி ஒன்று தொங்கும். அதைக் கண்டுபிடித்து, அங்கே கட்டியிருக்கும் துளைக் கருவியால் அட்டையில் ஒரு குத்து. பெரிய போட்டிகளில் இப்போது விரலில் மாட்டிய மின்னணுச் சில்லு அந்த வேலையைச் செய்கிறது. எல்லாக் கொடிகளையும் வரிசைப்படி தொட்டுவிட்டு இரட்டை வட்டத்தில் வந்து முடிக்க வேண்டும். ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு எந்த வழியாகப் போவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குட்டையைச் சுற்றிப் போகலாம், மேட்டில் ஏறி இறங்கலாம், சுவரை ஒட்டி நடக்கலாம். விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இது ஸ்வீடனிலும் நார்வேயிலும் பிறந்தது. முதலில் ராணுவப் பயிற்சியாக இருந்தது. பிறகு எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற ஸ்வீடன் ராணுவ அதிகாரி, சாரணர் தலைவராகவும் இருந்தவர், ஓட்டப்பந்தயத்தில் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைந்துவருவதைப் பார்த்துவிட்டு அவர்களை மைதானத்திலிருந்து காட்டுக்குள் அனுப்பினார். 1919இல் ஸ்டாக்ஹோமுக்கு அருகே அவர் நடத்திய போட்டியில் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஓடினார்கள். 1930களில் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் தகட்டின்மேல் பொருத்திய திசைகாட்டி வந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அதைக் கையாளும் அளவுக்கு வேலை எளிதாயிற்று. 1961இல் சர்வதேசக் கூட்டமைப்பு, 1966இல் பின்லாந்தில் முதல் உலகப் போட்டி. நமக்கு முக்கியம் அந்த வரலாறு அல்ல. ஸ்வீடனில் இது உடற்கல்விப் பாடத்திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் நாம் காதில் வாங்க வேண்டிய செய்தி. முதல் மூன்று வகுப்புகளில் பள்ளியின் சுற்றுப்புறம், எளிய படங்கள். அடுத்த மூன்றில் ஊரும் பக்கத்து இயற்கை வெளியும். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் தெரியாத இடத்தில் படத்தை வைத்து வழி கண்டுபிடிக்க வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத சின்னஞ்சிறுசுகளுக்கும் மரத்துக்கு மரம் ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்தபடி போய்ப் படங்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்.

அங்கே காடு இருக்கிறது, யாருடைய காட்டிலும் யாரும் நடக்கலாம் என்ற பொது உரிமை இருக்கிறது, இங்கே அது நடக்குமா என்று கேட்டுவிட்டு நாம் பேச்சை முடித்துவிடுவோம். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், வயலுக்குள் போனால் வயல்காரர் சத்தம் போடுவார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த விளையாட்டுக்குக் காடு கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. தெருவிலும் வளாகத்திலும் ஓடுகிற குறும்போட்டி ஒன்று உண்டு, அதற்கான படத்தின் அளவு 1:4000. பள்ளி வளாகத்துக்கு இன்னும் பெரிதாக வரைந்துகொள்ளலாம். அரசுப் பள்ளிகளில் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஏக்கர் இடம் இருக்கிறது. வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக் கூடம், கொடிக்கம்பம், பழைய கட்டடம், அதன் பின்னால் யாரும் போகாத மூலை. இருபது கொடி கட்ட இது போதும்.

பிறகு ஏன் செய்யவில்லை? கால அட்டவணையைப் பார்த்தால் பாதி பதில் அங்கேயே கிடைக்கும். மேப் சமூக அறிவியலுக்குச் சொந்தம், ஓட்டம் பி.டி. சாருக்குச் சொந்தம். இரண்டும் சேர்ந்த ஒன்று யாருக்கும் சொந்தமில்லை. போதாக்குறைக்கு அந்த பி.டி. பீரியடையும் நாமே பிடுங்கிக்கொள்வோம். “சார், போர்ஷன் முடியல, இன்னிக்கு மட்டும் குடுங்க” என்று கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் கேட்க, அவரும் சரி என்பார். ஜூலையிலேயே ஆரம்பித்துவிடும் இந்த ‘இன்னிக்கு மட்டும்’. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் நிலவரைபடத் திறன்கள் என்று ஒரு பாடமே இருக்கிறது. அளவை, திசை, முறைக்குறியீடுகள், தலப்படம் எல்லாம் அதில் வருகின்றன. அதையும் நாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு மதிப்பெண் வினாக்களாகக் கடைந்து எடுத்துவிட்டோம். ‘முறைக்குறியீடுகள் என்றால் என்ன?’ பிள்ளை விடையை ஒப்பிப்பான். பள்ளிக்கு எதிரே இருக்கும் கோயிலுக்குத் தலப்படத்தில் என்ன குறி என்று அவனுக்குத் தெரியாது. நாமும் அந்தத் தாளை விரித்துக் காட்டியதில்லை.

என்.சி.சி.யில் வரைபட வாசிப்பு உண்டு, ஆறு இலக்கக் கட்ட எண் உண்டு, படத்தை வடக்குக்குத் திருப்பி வைப்பது உண்டு. சாரண சாரணியர் பாடத்திட்டத்திலும் திசைகாட்டி உண்டு. ஆகையால் ஒன்றுமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அங்கே போகிறவர்கள் ஒரு வகுப்புக்குச் சில பிள்ளைகள். அவர்களுக்கும் சான்றிதழ்த் தேர்வு வந்ததும் பயிற்சி வெள்ளைத்தாளில் முடிந்துவிடுகிறது.

இன்னும் பின்னோக்கிப் போனால் கூச்சமாக இருக்கிறது. நிலத்தை அளக்கும் பள்ளி ஒன்று சென்னையில் 1794லேயே தொடங்கிவிட்டது. எட்டு மாணவர்கள். அதுதான் பிறகு வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. ஆதரவற்றோர் இல்லத்துச் சிறுவர்களுக்கு அளவைத் தொழில் சொல்லிக்கொடுத்துச் சங்கிலியோடு கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 1802இல் பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் போட்ட ஏழரை மைல் அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெருவேலை கிளம்பியது. தஞ்சைச் சமவெளியில் ஏறி நிற்க மலை இல்லை. ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை இழுக்கும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைத் தட்டிச் சரிசெய்தார். பெரிய கோயிலுக்கு ஆண்டுதோறும் சுற்றுலா போகிற நம் பள்ளிப் பேருந்துகளில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பொய்யைத் தவறாமல் சொல்லிவிடுவோம்.

அந்த அளவை யாருக்காக நடந்தது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். கும்பினிக்கு வரி வேண்டும், படை நகர வழி வேண்டும். நம் ஊர்களுக்குள் மேப் வந்ததே அளந்து எடுத்துக்கொள்ள வந்த அதிகாரியின் கையில்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த வாசனை போகவில்லை. கடலோரத்தை ஒட்டிய அகலமான பகுதிக்கான விரிவான தலப்படங்கள் நெடுங்காலம் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் பாதி ஊர்கள் அந்தப் பகுதிக்குள் அடங்கிவிடும். சொந்த ஊரின் மேப்பை வாங்க மனுப்போட வேண்டும் என்ற நிலையில் எந்த வாத்தியார் மெனக்கெடுவார்? சரி. ஆனால் 2005இல் பொதுமக்களுக்கென்று தனி வரிசைப் படங்கள் அறிவிக்கப்பட்டன. 2017இல் அவற்றை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தார்கள். 2021இல் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி தளர்ந்தது. பூட்டு கழன்று வருடங்கள் ஆகிவிட்டன. நாம் கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை.

மேப் என்றால் தாலுகா ஆபீஸ் என்று நம் மனத்தில் பதிந்திருப்பதற்கு இன்னொரு அடையாளம், வீட்டுப் பெட்டியில் பட்டாவோடு மடித்து வைத்திருக்கும் புலப்படம். எஃப்.எம்.பி. என்றால் எல்லாருக்கும் தெரியும். புல எண், உட்பிரிவு, பக்கத்துக்குப் பக்கம் மீட்டர் கணக்கு, மூலைக்கற்கள் எல்லாம் அதில் இருக்கும். வரப்புத் தகராறு வரும்போது மட்டும் வெளியே எடுப்போம். சர்வேயர் வந்து கல் தேடும்போது பெரியவர்கள் சுற்றி நிற்பார்கள், பிள்ளைகளை “போய்ப் படி” என்று விரட்டிவிடுவோம். உண்மையில் அந்த வயலில் நடப்பதுதான் பாடம். தாளில் உள்ள கோட்டை நிலத்தில் தேடிக் காலால் நின்று சரிபார்ப்பது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு புல எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு ஒரு புலப்படம் இருக்கிறது, அதை இப்போது அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். வளாகத்தின் எல்லைக்கோடு கையில் கிடைத்துவிட்டால் மரங்களையும் கட்டடங்களையும் பிள்ளைகளே அளந்து உள்ளே நிரப்பிவிடுவார்கள். சமூக அறிவியல் ஆய்வகம் என்ற பெயரில் வாங்கிப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உலக உருண்டையை விட இது நூறு மடங்கு பயன்படும்.

நம் அம்மாக்களும் அப்பத்தாக்களும் திசையில்லாமல் பேசியதில்லை. “அந்த வடக்கால இருக்கிற குடத்தை எடு”, “கொஞ்சம் மேக்க தள்ளி உக்காரு” என்பார்கள். அடுப்படியிலும் திண்ணையிலும் எட்டுத் திசையும் புழங்கும். பள்ளிக்கூடம் வந்த பிள்ளைக்கு நாம் இடது வலதைக் கற்றுக்கொடுத்தோம், நல்லது. வடக்கு தெற்கைக் கரும்பலகையின் மேலும் கீழுமாக மாற்றிவிட்டோம். வடக்கு எது என்று கேட்டால் கையை மேலே, மின்விசிறிக்கு நேராகத் தூக்குகிற பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் அறையில் சிரித்திருக்கிறோம். சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது? படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் விரித்து, வடக்கு வடக்கைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டிருந்தால் அந்தச் சிரிப்புக்கு இடமே இருந்திருக்காது. ஓரியன்டியரிங்கில் முதல் பாடமே அதுதான். நீ திரும்பினால் படமும் கைக்குள் திரும்ப வேண்டும். தாளைத் தேவையான அளவுக்கு மடித்து, நீ நிற்கும் இடத்தின்மேல் கட்டைவிரலை வை. நகர நகர விரலும் நகரட்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

புத்தகத்தில் உள்ளதை வெயிலில் சரிபார்க்காமல் சொல்லிக்கொடுக்கிற வழக்கமும் நம்மிடம் உண்டு. நண்பகலில் குச்சியின் நிழல் வடக்கே விழும் என்று எழுதிப்போடுகிறோம். சென்னையில் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் நண்பகலில் நேர்க்குச்சிக்கு நிழலே இருக்காது. அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நிழல் தெற்கே விழும். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்தாலே வகுப்பில் நல்ல சண்டை மூளும். காந்த விலகல் என்று பயமுறுத்துகிற சங்கதியும் நம் பகுதியில் ஓரிரண்டு பாகைதான். வளாகத்துக்குள் ஓடுகிற பிள்ளைகள் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. இரும்புக் கதவுக்கும் பைக்குக்கும் பக்கத்தில் திசைகாட்டியை வைக்காமல் இருந்தால் போதும். இந்த அளவு சௌகரியம் கிடைத்தும் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் திசைகாட்டிகளை இருப்புப் பதிவேட்டுக்குப் பயந்து பூட்டியே வைத்திருக்கிறோம். பிள்ளை உடைத்துவிட்டால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது?

இதுவரை சொன்னவை எல்லாம் சில்லறைக் காரணங்கள். உள்ளே ஒரு பெரிய காரணம் இருக்கிறது. பிள்ளை நம் கண்ணுக்கு மறைவாகப் போவது நமக்குப் பிடிக்காது. வரிசையில் நிற்கவேண்டும், வரிசையில் நடக்கவேண்டும், கைகட்டி உட்காரவேண்டும், ஒன்றுக்குப் போகக்கூட விரல் தூக்கிக் கேட்கவேண்டும். ஓரியன்டியரிங்கில் நாற்பது பிள்ளைகள் இரண்டு நிமிட இடைவெளியில் நாற்பது பக்கமாகக் கலைந்து போவார்கள். அரைமணி நேரத்துக்கு யார் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்று வாத்தியாருக்குத் தெரியாது. அந்த அரைமணியில் பிள்ளை தப்பான வழியில் போவாள், நின்று யோசிப்பாள், திரும்பி வந்து கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு மறுபடி ஆரம்பிப்பாள். யாரும் அவளைத் திருத்தப் போவதில்லை. நமக்கு அதுதான் பொறுக்காது. தப்பு செய்கிற கணத்திலேயே பிரம்பாலோ வாயாலோ குறுக்கே போய்ப் பழகிய தொழில் நம்முடையது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதை இரட்டிப்பாக எழுத வேண்டும். ஆறாம் வகுப்பு வரை தெருவில் சைக்கிள் ஓட்டியவளை எட்டாம் வகுப்பில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவிலான ஒரே கோட்டில் நிறுத்திவிடுகிறோம். அரசு சைக்கிள் கொடுக்கிறது, நாம் வழியைக் கொடுப்பதில்லை. அண்ணன்காரன் கபடிக்குப் பக்கத்து ஊர்களுக்குப் போய்வருவான். அவள் பத்தாம் வகுப்பில் மேப்புக்கு முழு மார்க் வாங்குவாள், பெரும்பாலும் அவனைவிட அழகாக வண்ணமும் தீட்டுவாள். பிறகு ஒருநாள், “பொம்பளைங்களுக்கு வழி தெரியாது” என்று நாமே கேலி பேசுவோம்.

குழுவாகச் செயல்படுவது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், வளரறி மதிப்பீட்டுப் பதிவேட்டில் அதற்கு மதிப்பெண்ணும் போடுகிறோம். நடப்பது என்ன என்று நமக்குத் தெரியாதா? ஆறு பேர் கொண்ட குழுவில் நன்றாக வரைகிற ஒருத்தி சார்ட் வரைவாள், அல்லது அவளுடைய அக்கா வரைவாள். அதுவும் இல்லாவிட்டால் ஸ்டேஷனரிக் கடையில் அச்சடித்தே விற்கிறார்கள். மற்ற ஐந்து பேரின் பெயரும் கீழே ஸ்கெட்ச் பேனாவில் இருக்கும். ஆறு பேருக்கும் ஒரே மார்க். குழுத் தலைவர் என்று ஒருவரை நியமித்துவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்கத் தேவையில்லை என்பதைத்தான் பிள்ளைகள் இதில் கற்றுக்கொண்டார்கள்.

மூன்று பிள்ளைகளுக்கு ஒரு மேப் கொடுத்து அனுப்பினாலும் முதல் நாள் இதே கதைதான் நடக்கும். குரல் ஓங்கியவன் மேப்பைப் பிடித்துக்கொள்வான், மற்ற இருவரும் பின்னால் ஓடுவார்கள். ஆனால் இங்கே நிலம் பொய் சொல்லாது. அவன் தப்பாகக் கூட்டிப்போன இடத்தில் கொடி இருக்காது. அப்போதுதான் பின்னால் ஓடியவள் முதன்முறையாகச் சொல்வாள்: “நான் அப்பவே சொல்ல நெனச்சேன், தொட்டிக்கு இந்தப் பக்கம்னு.” அந்த வாக்கியத்தை அவள் அடுத்த முறை முன்கூட்டியே சொல்லும்படி விதிகளை அமைக்கலாம். ஒவ்வொரு கொடிக்கும் மேப் கை மாற வேண்டும். அடுத்த கொடிக்குக் கிளம்புமுன் மூவரும் தனித்தனியாகப் படத்தில் விரல் வைத்து, போகும் வழியைச் சொல்ல வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நகரக் கூடாது. கடைசியாக வந்து சேர்கிறவரின் நேரம்தான் குழுவின் நேரம். இந்தக் கடைசி விதி ஒன்றே போதும், வேகமாக ஓடுகிறவன் பையைச் சுமக்கவும் மெதுவாக நடப்பவள் படத்தைப் படிக்கவும் அவர்களுக்குள்ளேயே ஏற்பாடு ஆகிவிடும்.

வரிசை இல்லாமல் விளையாடும் முறையும் உண்டு. பன்னிரண்டு கொடி, முப்பது நிமிடம். பக்கத்துக் கொடிக்குப் பத்து புள்ளி, தூரத்துக் கொடிக்கு முப்பது. தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கழிவு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அவர்களே பேசி முடிவுசெய்ய வேண்டும். விடுவதைப் பற்றிப் பேசப் பிள்ளைகளுக்கு நம் வகுப்பறையில் வேறு எங்கேயும் இடமில்லை. எல்லாக் கேள்விக்கும் விடை எழுது, தெரியாவிட்டாலும் எதையாவது எழுது என்றுதான் அங்கே சொல்லி வைத்திருக்கிறோம்.

ஓட முடியாத பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் வைக்கிற பழக்கம் நம் விளையாட்டு வேளைகளில் உண்டு. ஓரியன்டியரிங்கில் வேகத்தைக் கணக்கில் எடுக்காத ஒரு பிரிவு இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் பாதையில் இருந்தபடியே, எதிரே தெரியும் பல கொடிகளில் படத்தில் உள்ள கொடி எது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். அதற்கும் உலகப் போட்டி நடக்கிறது. நம் பிள்ளைகளைச் செருப்புக் காவலுக்கு அமர்த்தியபோது நமக்கு இது தெரியாது என்றால், தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

மதுரைப் பள்ளிகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு. நான்கு திசையிலும் கோபுரம், அவற்றில் தெற்குக் கோபுரம் உயரம். எங்கே நின்றாலும் தலையைத் தூக்கினால் திசை தெரியும் ஊர் அது. இந்த ஊரில் பிறந்த பிள்ளை, கோபுரங்களைப் பார்த்தே தான் நிற்கும் வீதியைப் படத்தில் குறிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கடைகள் திறக்குமுன், போலீஸாரிடம் சொல்லிவிட்டு நடத்தினால் நடத்தலாம். அதே ஊரில் நாம் அவுட்லைன் மேப் வாங்கிவரச் சொல்லி, அதில் மதுரைக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

கைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நாமும் அதை வைத்துத்தான் கல்யாண மண்டபம் கண்டுபிடிக்கிறோம். தெரியாத ஊரில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்பதும் மரியாதையான முறைதான், அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைபேசிப் படத்தில் நீலப் புள்ளி எப்போதும் நடுவில் இருக்கும். நான் எங்கே இருக்கிறேன் என்ற கேள்வியைப் பிள்ளை கேட்கவே தேவையில்லாதபடி அது பதிலோடு பிறக்கிறது. வழியையும் அதுவே தேர்ந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கைபேசி சேவை நின்றது. 2018இல் கஜா புயல் அடித்த டெல்டா ஊர்களில் மின்கம்பங்களும் தென்னைகளும் குறுக்கே விழுந்து தெருக்களே அடையாளம் மாறிக் கிடந்தன. அதற்குப் பிறகும், பேரிடர் மேலாண்மைப் பாடத்தில் ‘செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை’ என்று எழுதிப்போட்டுவிட்டு நகர்ந்தோம். பள்ளியிலிருந்து மேட்டு நிலத்துக்குப் போகும் வழியைப் படம் போட்டு நடந்து பார்த்த பள்ளிகள் எத்தனை இருக்கும்?

ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் வேலை காலடி எண்ணுவது. மைதானத்தில் 100 மீட்டர் குறித்துவிட்டு, இடதுகால் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒன்று என்று எண்ணிக்கொண்டு நடக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் வரும், அது அவர்களுடைய சொந்த எண். அதை வைத்து வளாகத்தை அளந்து கட்டம் போட்ட தாளில் வரையலாம். முதல் படம் கோணலாகத்தான் வரும், இரண்டு குழுக்களின் படங்களில் சத்துணவுக் கூடம் இரண்டு இடத்தில் இருக்கும். அதை நாம் தீர்த்துவைக்கக் கூடாது. அவர்களே மறுபடி போய் அளக்கட்டும். நிறங்களுக்கும் சர்வதேச மரபு உண்டு: கறுப்பில் பாறையும் மனிதர் கட்டியதும், நீலத்தில் நீர், மஞ்சளில் திறந்தவெளி, பச்சையில் ஓட்டத்தைத் தடுக்கும் புதர், அடர்த்திக்கு ஏற்ப நிறமும் அடரும். வெள்ளை என்றால் தாராளமாக ஓடக்கூடிய மரக்காடு. நம் பள்ளிகளில் கருவேலம் மண்டிய மூலைக்குத்தான் அடர்பச்சை தேவைப்படும். கொடி தைக்க பழைய ஃபிளெக்ஸ் போதும், அதற்கு நம் ஊரில் பஞ்சமே கிடையாது.

தலைமையாசிரியர் கேட்கப்போகும் முதல் கேள்வி நமக்குத் தெரியும்: “ஒரு புள்ள காணாமப் போனா யார் சார் பொறுப்பு?” நியாயமான கேள்வி. இந்த விளையாட்டு அதற்குப் பதிலை விதியாகவே வைத்திருக்கிறது. எல்லை முன்கூட்டியே சொல்லப்படும்: சுற்றுச்சுவர், வாய்க்கால், சாலை. அதைத் தொட்டால் திரும்ப வேண்டும். நேரம் முடிந்தால், ஒரு கொடிகூடக் கிடைக்காவிட்டாலும், நேராக முடிவிடத்துக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். வராமல் வீட்டுக்குப் போவதுதான் இதில் மிகப் பெரிய குற்றம். கழுத்தில் ஒரு விசில், ஆபத்தென்றால் ஆறு முறை ஊத வேண்டும். அடிபட்டவரைப் பார்த்தால் போட்டியை விட்டுவிட்டு உதவ வேண்டும். புறப்பட்டவர்கள் பட்டியலும் வந்து சேர்ந்தவர்கள் பட்டியலும் ஒத்துப்போகும் வரை பொறுப்பாசிரியர் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நாம் சுற்றுலாப் பேருந்தில் தலையெண்ணி ஏற்றுவதைவிட இது கண்டிப்பானது. இதை ஒரு பக்கத்தில் எழுதித் தலைமையாசிரியர் மேசையில் வைக்க ஒரு பிற்பகல் போதும். எத்தனையோ சுற்றறிக்கைகளுக்குப் பதில் எழுதிய நாம் அந்த ஒரு பக்கத்தை இன்னும் எழுதவில்லை.